புத்தகக் கடைக்காரரிடம் என்ன கேட்பது, திரும்பிப் போய் என்ன சொல்வது

பெரிய சங்கிலிக் கடைகளைச் சேராத, ஒருவரோ சிலரோ சேர்ந்து நடத்தும் சிறிய புத்தகக் கடைக்குள் முதல்முறை நுழைபவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். கடைக்காரர் நிறையப் படித்தவர், நாம் அப்படியில்லையே, எதைக் கேட்டாலும் தப்பாகிவிடுமோ என்று. அதனால் அலமாரிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏற்கெனவே பெயர் தெரிந்த ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். அந்தப் புத்தகம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நம் வாசிப்பைத் தெரிந்துகொண்ட ஒருவர் நமக்கென்று பார்த்து எடுத்துத் தரும் புத்தகம்தான் அந்தக் கடையில் மட்டும் கிடைப்பது. அதைப் பெறுவது எப்படி, அங்கே கூடும் வாசகர்களோடு சேர்வது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இதில் முதல் வருகையைவிட இரண்டாவது வருகைதான் முக்கியம்.

போவதற்கு முன்

மனதுக்குப் பிடித்த மூன்று புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே, பாதியில் கைவிட்ட ஒரு புத்தகத்தையும். கைவிட்டதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பரிந்துரைப்பவருக்கு அதிகம் உதவுவது அதுதான். ஒரு புத்தகம் பிடித்துப்போனதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம், நமக்கே அது சரியாகத் தெரியாது. கைவிட்டதற்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான் இருக்கும், அதை நம்மால் ஒரு வரியில் சொல்லிவிட முடியும்.

பாடப் புத்தகத்துக்கு வெளியே எதுவும் படித்ததில்லை என்றாலும் பரவாயில்லை. பிடித்த சினிமா, விடாமல் பார்த்த தொடர், பத்திரிகையில் தேடிப் படித்த ஒரு பகுதி என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு அதுவும் போதும்.

அடுத்து, ஏன் பிடித்தது என்பதற்குப் பக்கத்தில் ஒரு சொல். இதற்கு நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொன்ன முறை மிகவும் உதவும். ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழையும் வாசல்கள் நான்கு என்பார் அவர்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பில் தூங்காமல் படித்தீர்கள் என்றால் அது கதை வாசல். முடித்த பிறகும் அந்த மனிதர்கள் கூடவே இருப்பதுபோல் தோன்றினால் பாத்திர வாசல். போகாத ஊரில் வாழ்ந்துவிட்டு வந்தது போலிருந்தால் களம். ஒரு வரியைத் திரும்பப் படித்து, பக்கத்தில் இருந்தவருக்கும் படித்துக் காட்டத் தோன்றியிருந்தால் மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் அளவும் வேறு. உங்கள் மூன்று புத்தகங்களுக்கும் வாசல் எது என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வாசல் திரும்பத் திரும்ப வரும். மூன்றில் ஒன்று துப்பறியும் கதை, ஒன்று வரலாற்று நாவல், ஒன்று தன்வரலாறு என்று இருந்தாலும், மூன்றுமே களத்துக்காகப் பிடித்தவையாக இருக்கலாம். அப்படியானால் உங்களுக்குத் தேவை இன்னொரு துப்பறியும் கதை கிடையாது, ஓர் இடத்தைக் கண்முன் நிறுத்தும் எந்தப் புத்தகமும்தான். புத்தகங்களை வகை பார்த்து மட்டுமே தேடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

முதல் வருகை

உள்ளே போனவுடன் எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் சுற்றிப் பாருங்கள். சின்னக் கடையில் இடம் குறைவு. ஒரு புத்தகம் உள்ளே வர இன்னொன்று வெளியே போக வேண்டும். ஆகவே அலமாரியில் இருப்பது ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தீர்மானித்து வைத்தது. கவிதைக்கு எவ்வளவு இடம், மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு, சிறிய பதிப்பகங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தாலே கடையின் மனம் ஓரளவு புரியும். எந்தக் கடையும் எல்லாத் துறையிலும் பலமாக இருக்காது. உங்கள் விருப்பத்துக்குப் பொருந்தாத கடை என்று தெரிந்தால் வேறொரு கடையையும் பார்த்துவிடுவது நல்லது.

பெரிய சங்கிலிக் கடைகளின் முன்மேசையில் நல்ல இடம் கிடைக்கப் பதிப்பகங்கள் பணம் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். அதனால் முன்னால் இருப்பதெல்லாம் கடைக்காரர் படித்துப் பிடித்துப்போய் வைத்தது என்று நினைத்துவிட முடியாது. ஆனால் புத்தகத்தின் கீழே கையால் எழுதி ஒட்டிய ஒரு சீட்டைப் பார்த்தால் நின்று படியுங்கள். அங்கே வேலை செய்யும் ஒருவர் அதைப் படித்து, பிடித்துப்போய், நேரம் ஒதுக்கி எழுதியது அது. பல கடைகளில் எழுதியவர் பெயரும் இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு புத்தகத்துக்கு யார் சீட்டு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அவர் எழுதிய மற்றச் சீட்டுகளையும் தேடிப் படியுங்கள். உங்கள் ரசனைக்கு நெருக்கமான ஆள் அங்கே யார் என்பது, பேசத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

பிறகு கேளுங்கள். கூட்டம் அதிகமில்லாத நேரமாக இருந்தால் நல்லது. பணம் வாங்கும் இடத்தில் வரிசை நிற்கும்போது கேட்டால் யாராலும் யோசித்துப் பதில் சொல்ல முடியாது. “நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க” என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குக் கடைக்காரர் எல்லோருக்கும் சொல்லும் புத்தகத்தைத்தான் சொல்ல முடியும். அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: “இந்த மூணும் எனக்கு ரொம்பப் பிடிச்சது, மூணுலயும் அந்த ஊரு கண்ணு முன்னாடி வந்துச்சு. இது பாதியிலயே விட்டுட்டேன், பேர் ஞாபகம் வச்சுக்க முடியல, அவ்வளவு பேர் வர்றாங்க. இப்ப ஒரு இருநூறு பக்கத்துக்குள்ள, ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி படிக்கற மாதிரி ஏதாவது இருக்கா?” இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

கட்டுரை, வரலாறு, அறிவியல் போன்றவற்றைத் தேடினால் வாசல் கணக்குக் கொஞ்சம் மாறும். அந்த விஷயத்தில் ஏற்கெனவே எவ்வளவு தெரியும், கதைபோலச் சொல்லிச் செல்வது வேண்டுமா அல்லது வாதங்களை அடுக்குவது வேண்டுமா என்ற இரண்டையும் சொன்னால் போதும். பரிசளிக்க வாங்குவதாக இருந்தால், பெறுபவரின் வயதைவிட அவர் கடைசியாக விரும்பிப் படித்தது என்ன என்பது உதவும்.

கடைக்காரர் திரும்பச் சில கேள்விகள் கேட்பார். அது நல்ல அடையாளம். எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென்று வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவது விதியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மூன்றாவதுதான் நல்ல கடைக்காரரின் அன்றாட வேலை. அலமாரியில் பல மாதங்களாக யாரும் தொடாத அருமையான புத்தகம் ஒன்று இருக்கிறது, அதற்கான ஆள் யார் என்று அவர் தேடிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்வது அவருக்கும் வேண்டியதுதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மூன்று நான்கு புத்தகங்களை எடுத்துத் தந்தால் எல்லாவற்றையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பின்னட்டையை மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள், அது விற்பதற்காக எழுதப்படுவது. முதல் பக்கத்தையும், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் செதுக்கிச் செதுக்கி எழுதுவார்கள். நடுப்பக்கத்தில்தான் புத்தகத்தின் இயல்பான நடை தெரியும்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நூலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே பத்தியை ஒப்பிட்டுப் படித்துவிட்டு எடுங்கள். பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுவது நல்ல பழக்கம். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, முழு நூலா சுருக்கமா என்பது அங்கே இருக்கும்.

கேட்ட புத்தகம் கடையில் இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லலாம். சிறிய கடைகள் இதை விருப்பத்தோடு செய்யும். தலைப்பை மட்டும் சொன்னால் வேறு பதிப்பு வந்து சேரக்கூடும். ஐஎஸ்பிஎன் எண் தெரிந்தால் அதைக் கொடுங்கள். கெட்டி அட்டைக்கு ஒன்று, மெல்லிய அட்டைக்கு ஒன்று என ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் உண்டு. 2007-க்கு முன் அது 10 இலக்கமாக இருந்தது, இப்போது 13 இலக்கம். சிறு பதிப்பகங்களின் புத்தகங்கள் சிலவற்றில் எண்ணே இருக்காது, அப்போது பதிப்பகத்தின் பெயரும் ஆண்டும் போதும். வரவழைக்கச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வரவில்லையென்றால் அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்ப முடியுமா என்பது பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். சில நேரம் அது கடையிலேயே தங்கிவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் நேரம் செலவழித்துச் சொன்ன புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு போய், குறைந்த விலைக்கு வேறெங்கோ வாங்குவது சரியில்லை. பதிப்பகம் தரும் கழிவில்தான் கடையின் வாடகையும் சம்பளமும் நடக்கிறது. பரிந்துரைக்கென்று அவர் தனியாக எதுவும் வாங்குவதில்லை. கையில் பணமில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு, நூலகத்தில் எடுத்துப் படிக்கப்போகிறேன் என்று சொல்லுங்கள். எந்த நல்ல கடைக்காரரும் அதற்கு வருத்தப்பட மாட்டார். படித்துவிட்டு வந்து பேசினாலே மகிழ்வார்.

திரும்பிப் போவது

பெரும்பாலானோர் இந்தப் படியைச் செய்வதில்லை. வாங்கிய புத்தகம் பிடித்திருந்தால், “நல்லாயிருந்துச்சு” என்று ஒரு வார்த்தை சொல்வோம். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கமே போவதில்லை. பரிந்துரை தவறிவிட்டது, இனி அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்போதுதான் போக வேண்டும்.

முதல் பரிந்துரை ஓர் ஊகம். நீங்கள் சொன்ன நான்கு புத்தகங்களை வைத்து அவர் ஊகித்தது. அது எங்கே பொருந்தியது, எங்கே பிசகியது என்று தெரிந்தால்தான் இரண்டாவது ஊகம் நெருங்கி வரும். “முதல் பாதி ஓடிச்சு, ரெண்டாவது பாதியில அந்த அப்பா செத்தப்புறம் எனக்கு ஆர்வம் போயிடுச்சு” என்று சொன்னால், உங்களைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பாத்திரம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். “ரொம்ப சோகமா இருந்துச்சு” என்பதுகூடப் பயனுள்ள தகவல். ஆனால் சோகமான புத்தகமே வேண்டாமா, இப்போதைக்கு மட்டும் வேண்டாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசகரின் அப்போதைய மனநிலையும் பரிந்துரையில் பாதி.

பிடிக்காத புத்தகத்தை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவது என்ற கேள்வி வரும். இதற்கும் நான்சி பேர்லிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மிச்சமுள்ள பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதானவருக்கு முப்பது பக்கம். மெதுவாகத் தொடங்கும் பெரிய நாவல்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் கணக்கு நியாயமானது. கைவிட்ட பக்க எண்ணை நினைவில் வையுங்கள், கடைக்காரருக்கு அதைச் சொல்லலாம்.

இதற்காக ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். தலைப்பு, யார் சொன்னது, எந்த வாசல், பிடித்ததா, ஒரு வரிக் காரணம். அவ்வளவுதான். சில புத்தகங்களுக்குப் பிறகு அதைப் புரட்டினால், யாருடைய பரிந்துரை உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரியும். அது கடை உரிமையாளராகவே இருக்க வேண்டியதில்லை. வார இறுதியில் மட்டும் வேலைக்கு வரும் ஒரு மாணவியாக இருக்கலாம், அலமாரி முன்னால் பேச்சுக் கொடுத்த இன்னொரு வாசகராகவும் இருக்கலாம்.

வாசகர் வட்டத்தில் சேர்தல்

அப்படிப்பட்ட மற்ற வாசகர்களைச் சந்திக்க எளிய இடம் கடையில் நடக்கும் கூட்டங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசுவது ஒன்று. அவரவர் படித்ததை அறிமுகப்படுத்துவது ஒன்று. எழுத்தாளர் வந்து பேசுவது இன்னொன்று. பேசவே தயங்குபவர்களுக்கு மௌன வாசிப்புக் கூட்டம் இருக்கிறது: அவரவர் புத்தகத்தோடு வந்து ஒன்றாக உட்கார்ந்து படிப்பது, விருப்பமிருந்தால் மட்டும் கடைசியில் பேசுவது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் தொடங்கிய சைலண்ட் புக் கிளப் பல நாடுகளுக்குப் பரவக் காரணமே, முன்கூட்டி எதையும் படித்து முடித்துவிட்டு வர வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததுதான். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே.

ஒரே புத்தகத்தைப் பேசும் வட்டத்துக்குப் போவதென்றால், புத்தகத்தை முடிக்காவிட்டாலும் போகலாம். எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் உங்களுக்காக முடிவைப் பேசாமல் இருக்கச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் அதற்காகத்தான் படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். படிக்கும்போதே இரண்டு மூன்று பக்கங்களில் தாள் செருகி வையுங்கள். என்ன பேசுவது என்று தெரியாதபோது ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த இடம் எனக்குப் புரியல, நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்க?” என்று கேட்டால் போதும். வட்டத்தில் நடக்கும் நல்ல உரையாடல்கள் பெரும்பாலும் இப்படி ஒரு புரியாத இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. எல்லாம் புரிந்தவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

மறுத்துப் பேசலாம், பேசத்தான் வேண்டும். புத்தகத்தின் வரியைக் காட்டி மறுத்தால் யாருக்கும் மனம் நோகாது. இன்னொருவருக்கு மிகவும் பிடித்த புத்தகத்தை, “இதெல்லாம் ஒரு புத்தகமா” என்று தள்ளிவிடுவது வேறு. புதிதாக வந்த ஒருவர் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு மறுபடி வராமலே போய்விடக் கூடும். எளிய கதைகளைப் படிப்பவர், படக்கதை படிப்பவர், ஆண்டுக்கு இரண்டே புத்தகம் படிப்பவர், எல்லோருக்கும் அங்கே இடமிருக்க வேண்டும்.

வட்டம் இல்லாத கடை என்றால்

நீங்களே தொடங்கலாம். மாதத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், கடையில் வியாபாரம் மந்தமாக இருக்கும் பொழுது கிடைக்குமா என்று கேளுங்கள். நாளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். “ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம்” என்பதுபோல நிலையாக ஒன்று இருந்தால், ஒரு மாதம் வராதவர் அடுத்த மாதம் தானாக வருவார். எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை இருந்தால் எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்கும். அதற்குமேல் போனால் இரண்டு வட்டங்களாகப் பிரித்துவிடலாம். மூன்று பேர் மட்டும் வந்த மாதத்திலும் நிறுத்தாமல் நடத்துங்கள்.

முதல் புத்தகம் சிறியதாக இருக்கட்டும். அடுத்த மூன்று மாதங்களுக்கான புத்தகங்களை முன்பே முடிவு செய்துவிட்டால் கடைக்காரர் போதிய பிரதிகளை வரவழைத்து வைக்க முடியும். வாங்க முடியாதவர்களும் நூலகத்தில் காத்திருந்து எடுக்க நேரமிருக்கும். தேர்வை வாக்கெடுப்புக்கு விட்டால், யாருக்கும் வெறுப்பில்லாத, ஆனால் யாருக்கும் பெரிய ஆசையும் இல்லாத புத்தகமே வென்றுகொண்டிருக்கும். முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. தேர்ந்தெடுத்தவரே அன்றைய பேச்சையும் நடத்தட்டும். அவர் செய்ய வேண்டியது நான்கு கேள்விகள் எழுதி வருவதும், பேசாமல் இருப்பவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும்.

எல்லோருக்கும் பிடித்த புத்தகமாகத் தேட வேண்டாம். 1998-இல் சியாட்டில் நகரம் முழுவதும் ஒரே புத்தகத்தைப் படித்துப் பேசும் திட்டத்தை இதே நான்சி பேர்ல் தொடங்கினார். பிறகு பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஒருவரையொருவர் தெரியாதவர்களுக்குப் பேச ஒரு பொதுப் பொருள் கிடைத்ததுதான் அதன் பலம். பாதிப் பேருக்குப் பிடித்து, பாதிப் பேருக்குப் பிடிக்காத புத்தகம் வந்த நாளில்தான் கூட்டம் நேரம் தாண்டி நீளும்.

நீங்கள் எழுதும் சீட்டு

கொஞ்ச நாளில், “இதுக்கு நீங்களே ஒரு சீட்டு எழுதித் தாங்களேன்” என்று கடைக்காரர் கேட்கக்கூடும். கேட்காவிட்டால் நீங்களே கேட்கலாம். தயங்க வேண்டாம், நாள் முழுக்கப் புத்தகங்களோடு இருப்பவர்களின் வார்த்தையை வாசகர்கள் மிகவும் நம்புகிறார்கள். ஜப்பானில் 2004 முதல் வழங்கப்படும் ஹோன்யா தைஷோ என்ற விருதைத் தேர்ந்தெடுப்பவர்கள் புத்தகக் கடை ஊழியர்கள்தான், எழுத்தாளர்களோ விமர்சகர்களோ கிடையாது. வாசகரின் வார்த்தைக்கும் அதே மதிப்பு உண்டு.

நான்கைந்து வரி போதும். கதையைச் சொல்லாதீர்கள், அது பின்னட்டையில் இருக்கிறது. அருமை, அற்புதம், கட்டாயம் படிக்க வேண்டியது போன்றவற்றை விட்டுவிடுங்கள், அவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். இந்தப் புத்தகத்தில் மட்டும் இருப்பது என்ன, எந்த வாசல் வழியாக நீங்கள் உள்ளே போனீர்கள், யாருக்குப் பிடிக்கும் என்று எழுதுங்கள். யாருக்குப் பிடிக்காது என்பதையும் எழுதலாம். “வேகமாக ஓடும் கதையை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், முதல் எண்பது பக்கம் மெதுவாகத்தான் போகும்” என்ற வரி, அப்படிப்பட்ட புத்தகத்தைத் தேடுபவரைச் சரியாகக் கொண்டுவந்து சேர்க்கும். புரட்டிப் பார்க்க ஒரு பக்க எண்ணையும் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுத்து பெரிதாக, நின்றபடியே படிக்கும்படி இருக்கட்டும். கீழே உங்கள் பெயரின் முதல் எழுத்தாவது போடுங்கள். அடுத்து ஒட்டும் சீட்டை அந்த எழுத்தைப் பார்த்துத் தேடி வருபவர்கள் இருப்பார்கள்.

ஒட்டுவதற்கு முன் எத்தனை பிரதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் இன்னும் சில பிரதிகள் வந்து சேரும்வரை சீட்டைக் கடைக்காரரிடமே கொடுத்து வையுங்கள்.